சிப் எல்லோருக்கும் வேண்டும், சிலிக்கான் பாடம் எடுக்க ஆள் வேண்டாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா விஷயத்துக்கு வந்தார். சித்தி மகள் பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருடம் படிக்கிறாள். அடுத்து எம்.எஸ்சி. பிசிக்ஸ், பிறகு செமிகண்டக்டர் மெட்டீரியல்களில் பிஎச்.டி., அதன் பிறகு கல்லூரி ஆசிரியர் வேலை என்று அவள் ஒரு திட்டம் வைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் அதில் சம்மதம் இல்லை.

"நீ கம்ப்யூட்டர் ஃபீல்டுல இருக்கே, நீயே சொல்லுப்பா. எம்.சி.ஏ. சேர்த்துவிட்டா ரெண்டு வருஷத்துல பெங்களூர்ல வேலைக்குப் போயிடலாம் இல்ல?" என்றார் சித்தப்பா.

நானும் யோசிக்காமல், "எம்.சி.ஏ.தான் சேஃப் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன்.

தங்கை எதிர்த்துப் பேசவில்லை. சுவரில் செருகியிருந்த என் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி எடுத்து வந்தாள். "அண்ணா, உங்க பழைய சார்ஜர் செங்கல் மாதிரி இருந்துச்சு. இது உள்ளங்கையில அடங்கிடுது. ஏன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

சார்ஜரின் மேல் ஜி.ஏ.என். என்று மூன்று எழுத்து அச்சிட்டிருப்பது எனக்குத் தெரியும். அதற்காகவே கடையில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியதும் தெரியும். அது ஏன் சின்னதாக இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்த பி.இ. பட்டதாரி!

சார்ஜருக்குள் என்ன இருக்கிறது?

ஓசூர் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சார்ஜர் வாங்கும்போது உங்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை லேப்டாப்புக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்காக சார்ஜருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு வேகமாக ஆன், ஆஃப் ஆகிறதோ, அந்த அளவுக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஆனால் வழக்கமான சிலிக்கான் டிரான்சிஸ்டரை ரொம்ப வேகமாக ஓட்டினால் மின்சாரம் வீணாகி, சூடு அதிகமாகிறது. காலியம் நைட்ரைடு என்ற பொருளால் செய்த டிரான்சிஸ்டரில் அந்த இழப்பு குறைவு. அந்தப் பொருளின் சுருக்கப் பெயர்தான் ஜி.ஏ.என்.

ஏன் அப்படி? ஒரு பொருளில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரானை விடுவித்து ஓடவைக்க ஒரு குறைந்தபட்ச சக்தி தேவை. அதை பேண்ட் கேப் என்பார்கள். சிலிக்கானுக்கு இது 1.12 எலக்ட்ரான் வோல்ட். காலியம் நைட்ரைடுக்கு 3.4. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் அது அதிக மின்னழுத்தத்தைத் தாங்குகிறது. அதனால் டிரான்சிஸ்டரையே சின்னதாகச் செய்யலாம்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் முன்பே பயன்படுத்தவில்லை என்கிறீர்களா? செய்வது கஷ்டம். செலவைக் குறைக்க இதை சிலிக்கான் தகட்டின் மேல், ஆயிரம் டிகிரி அளவு சூட்டில், படலமாக வளர்க்கிறார்கள். இரண்டு பொருள்களின் அணு அடுக்குகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆறும்போது மேலே உள்ள படலம் கீழே உள்ள சிலிக்கானைவிட அதிகமாகச் சுருங்குகிறது. ஏரி வற்றினால் மண் வெடிக்கிறது பாருங்கள், அதே போல விரிசல் விடுகிறது. நடுவில் எந்தப் பொருளை, எத்தனை அடுக்காக, எந்தச் சூட்டில் வைத்தால் விரிசல் வராது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் மெட்டீரியல் ஆராய்ச்சி.

இதில் உலக அளவிலான வேலை நடக்கும் இடங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூர் பஸ் கண்டக்டர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று கூவும் இந்திய அறிவியல் கழகம். அங்குள்ள நானோ அறிவியல் மையத்தில் பேராசிரியர் சீனிவாசன் ராகவனும் சக ஆசிரியர்களும் சிலிக்கான் மேல் காலியம் நைட்ரைடு வளர்க்கும் ஆராய்ச்சியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அதிலிருந்து 2019-ல் அக்னிட் என்ற கம்பெனியும் பிறந்தது. ஓசூரிலிருந்து அந்த வளாகத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான்.

பெரிய ஊரில்தான் நடக்குமா?

"அதெல்லாம் பெரிய ஊர், பெரிய இன்ஸ்டிட்யூட் சமாசாரம்" என்று சித்தப்பா சொன்னார். நாமும் அப்படித்தான் சொல்வோம். அதற்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

நம் வீட்டு எல்.இ.டி. பல்பு வெள்ளையாக எரிவதற்கு உள்ளே நீல வெளிச்சம் வேண்டும். அந்த நீல வெளிச்சத்தைத் தருவதும் காலியம் நைட்ரைடு குடும்பம்தான். இதற்காக 2014-ல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் அகசாகி நாகோயா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், அமானோ அவரிடம் படித்த மாணவர். உலகத்தில் பெரும்பாலோர் இந்தப் பொருள் தேறாது என்று கைவிட்டபோது, ஆசிரியரும் மாணவருமாக 1980-களில் நல்ல படிகத்தை வளர்த்துக் காட்டினார்கள். மூன்றாமவர் நகமுரா. டோக்கியோவில் படித்தவர் அல்ல. டோகுஷிமா என்ற வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அனான் என்ற சிற்றூரில் இருந்த நிச்சியா என்ற கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தார். பளிச்சென்ற நீல எல்.இ.டி.யை அந்தக் கம்பெனி 1993-ல் அறிவித்தது.

சின்ன ஊராக இருப்பது இதற்குத் தடை இல்லை. ஆனால் அந்த ஊருக்கு அருகில் இந்தப் பாடத்தை ஒழுங்காகச் சொல்லித்தரும் கல்லூரி ஒன்று வேண்டும். அனானுக்கு டோகுஷிமா இருந்தது. ஓசூருக்கு எது இருக்கிறது?

ஓசூரில் சிப் செய்கிறார்களா?

என்னிடம் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இல்லை என்பதே பதில். ஓசூருக்குப் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடும் போனும் தயாராகின்றன. அதே கம்பெனி சிப் ஆலை கட்டுவது குஜராத்தில் உள்ள தோலேராவில். தைவானின் பவர்சிப் கம்பெனியோடு சேர்ந்து 91,000 கோடி ரூபாயில், மாதம் 50,000 வேஃபர் திறனோடு அமையும் இந்தத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சிப்பை வெட்டி, உறையில் வைத்து, சோதிக்கும் ஆலை அசாமில் உள்ள ஜாகிரோட்டில் அமைகிறது.

ஆனால் செமிகண்டக்டர் ஓசூருக்குப் புதிதல்ல. 1980-களின் பின்பாதியிலிருந்து டைட்டன் இங்கே குவார்ட்ஸ் வாட்ச் செய்கிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். வாட்சுக்குள் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானது, 2-இன் 15-ஆவது அடுக்கு! ஒரு சின்ன சிப் இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி கிடைக்கும். எங்கள் தெருவில் டைட்டனில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் கல்லூரியில் யாரும் இந்தக் குவார்ட்ஸை எடுத்து வைத்துப் பாடம் நடத்தியதில்லை.

கிருஷ்ணகிரி கிரானைட்டையும் பாருங்கள். பர்கூர் பக்கம் பாறையை வெட்டி, பெரிய கட்டியாக ஓசூர் ரோட்டில் லாரியில் கொண்டுபோய், வயர் ரம்பத்தால் பலகை பலகையாக அறுக்கிறார்கள். சிலிக்கானையும் கடைசியில் இதே போல வைரத் துகள் பதித்த வயரால்தான் தகடுகளாக அறுக்கிறார்கள். அதற்கு முன்னால் நடப்பதுதான் வேறு. குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் சிலிக்கான் எடுத்து, அதை வாயுவாக மாற்றிச் சுத்தம் செய்து, நூறு கோடி அணுவில் ஒரு அணு கலப்படம் என்ற அளவுக்குக் கொண்டுவந்து, 1,414 டிகிரியில் மறுபடி உருக்கி, அதில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட்டு மெல்லச் சுழற்றி மேலே தூக்க வேண்டும். ஒரே படிகமாக, உருளையாக எழுந்து வரும். போலந்து விஞ்ஞானி சொக்ரால்ஸ்கி 1916-ல் கண்டுபிடித்த முறை இது. இன்றும் உங்கள் பிராசசர் தொடங்குவது இப்படித்தான்.

நம்மூர் ஆசிரியர்கள் செய்தது

இந்தத் துறையில் ஆசிரியர் வேலை என்றால் கரும்பலகையும் பரீட்சைத் தாளும் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஏ.ஆர். வாசுதேவமூர்த்தி. மிகத் தூய சிலிக்கான் தயாரிக்கும் முறையை அவர் குழு தங்கள் லேபிலேயே உருவாக்கியது. அந்த முறையை எடுத்துக்கொண்டு 1980-களில் சிலிக்கான் தயாரித்த ஆலை எங்கே இருந்தது தெரியுமா? சேலம் மாவட்டம் மேட்டூரில், மெட்கெம் சிலிக்கான் என்ற பெயரில்! மேட்டூர் என்றால் அணையும் அனல்மின் நிலையமும்தான் நமக்கு ஞாபகம் வரும். சோலார் செல்லுக்கும் சிப்புக்கும் அடிப்படையான பாலிசிலிக்கானை, பக்கத்து மாநில ஆசிரியர் ஒருவரின் ஆராய்ச்சியை வைத்து நம் மண்ணில் செய்திருக்கிறார்கள். அந்த உற்பத்தி நீடிக்கவில்லை என்பது வருத்தம். ஆனாலும் லேபில் பிறந்த ஒன்று ஆலை வரை போக முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்காது.

இன்னொருவர் பேராசிரியர் பெ. ராமசாமி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-ல் படிக வளர்ச்சி மையத்தைத் தொடங்கியவர். படிகம் வளர்ப்பதற்கென்றே ஒரு தனி மையம்! பிறகு சென்னைக்கு வெளியே எஸ்.எஸ்.என். கல்லூரியிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்க, சங்கரநாராயணனும் அவரும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட முறைக்கு இருவர் பெயரும் வைத்து எஸ்.ஆர். மெத்தட் என்றே பெயர். ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் விதைப் படிகம், மேலே சூடேற்ற ஒரு வளையம். கோடிக்கணக்கில் செலவழிக்காமல் செய்த வேலை. தமிழ்நாட்டில் சின்ன ஊர்க் கல்லூரிகளின் பிசிக்ஸ் லேபுகளில் பீக்கரில் கரைசலை ஊற்றி, ஓட்டை போட்ட தாளால் மூடி, வாரக்கணக்கில் காத்திருந்து படிகம் எடுக்கும் மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இத்தனை ஊர்களுக்குப் பரவியதில் இந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு ஆசிரியர் பத்து மாணவர்களை உருவாக்குகிறார். அவர்கள் பத்து ஊர்க் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். கம்பெனியில் இருக்கும் என்னால் இது முடியாது. நான் எழுதிய சாஃப்ட்வேரை ஐந்து வருடத்தில் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று எழுதுவார்கள்.

பூட்டிக் கிடந்த அறை

இனி என் கதை. நான் படித்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில். முதல் வருடம் பிசிக்ஸில் செமிகண்டக்டர் மெட்டீரியல் ஒரு யூனிட். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு கைடு வாங்கி, எந்தக் கேள்வி ரிப்பீட் ஆகும் என்று பார்த்து எழுதினேன். நல்ல மார்க் வந்தது. ஒரு சிலிக்கான் வேஃபரைக் கையால் தொடாமலே எலக்ட்ரானிக்ஸ் பட்டம் வாங்கிவிட்டேன்.

அந்தப் பாடம் எடுத்த சார் மெல்லிய படலங்களில் பிஎச்.டி. முடித்தவர். கண்ணாடித் தகட்டில் படலம் பூசும் ஒரு சின்னக் கருவியை, வேறு லேபில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்து ஒரு அறையில் வைத்திருந்தார். நாலு வருடத்தில் அந்த அறை திறந்திருந்து நான் பார்த்தது இரண்டு தடவைதான். அவருக்கு வாரம் முழுக்க வகுப்பு. மிச்ச நேரம் ஆய்வுக்குழு வருகிறது என்று ஃபைல் தயாரிக்கும் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை. "சார், ரிசர்ச் எப்போ சார் பண்ணுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரி கரண்ட் இருந்தா பண்ணுவேன்ப்பா" என்று சிரித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளம் அவருடையதைவிட அதிகம் என்று பிறகு தெரிந்தது. அன்று அதைப் பெருமையாக நினைத்தேன்.

இந்த நிலை ஒரு கல்லூரியின் தவறு மட்டும் அல்ல. 2023-ல் ஏ.ஐ.சி.டி.இ. சிப் டிசைன் படிப்புக்குத் தனிப் பாடத்திட்டம் வெளியிட்டது. வி.எல்.எஸ்.ஐ. என்று போர்டு மாட்டினால் சீட் நிறைகிறது. நல்லதுதான். டிசைனுக்குக் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் இருந்தால் வகுப்பு நடத்திவிடலாம். மெட்டீரியலுக்கு ஃபர்னஸ் வேண்டும், வேக்குவம் பம்ப் வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வருடம் அந்த ஃபர்னஸ் முன்னால் உட்கார்ந்த ஒரு ஆசிரியர் வேண்டும். அவரைக் கடையில் வாங்க முடியாது.

லேப்டாப்பில் ஒரு பரிசோதனை

தங்கையின் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு அவளை ஓசூருக்கு வரச்சொன்னேன். என் லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. அதில் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவினோம். அணுக்களில் எலக்ட்ரான்கள் எப்படி நிற்கும் என்று குவாண்டம் விதிகளை வைத்துக் கணக்கிடும் புரோகிராம் இது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவது. சிலிக்கான் படிகத்தை விவரிக்க இரண்டே அணு போதும், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. இன்புட் ஃபைல் எழுத அரை மணி நேரம். கணக்கு முடிய ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நீங்களும் வீட்டு கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம், 4 ஜிபி ராம் இருந்தாலே போதும்.

பேண்ட் கேப் என்ன வந்தது தெரியுமா? சுமார் 0.6 எலக்ட்ரான் வோல்ட். உண்மையான 1.12-இல் பாதிதான்! இன்புட்டில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை திருப்பி ஓட்டினேன். மறுபடியும் அதேதான்.

தங்கை சிரித்தாள். "தப்பு இல்லண்ணா. இந்தக் கணக்கு முறை பேண்ட் கேப்பைக் குறைச்சுதான் காட்டும், அது தெரிஞ்ச விஷயம்தான். சரியா வரணும்னா இன்னும் பெரிய கணக்கு போடணும். அதுவும் சரியான்னு லேப்ல அளந்துதான் பார்க்கணும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியே பிழைப்பு நடத்துகிறவன் நான். திரையில் வந்த எண் தப்பு என்று சொல்ல, பொருளைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. கூகுளின் டீப்மைண்ட் 2023-ல் ஏ.ஐ. மூலம் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்ததாக அறிவித்தது. அவற்றில் எதை நிஜமாகவே வளர்க்க முடியும், எது பயன்படும் என்று யாராவது உட்கார்ந்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நான் எழுதும் கோடில் ஒரு பகுதியை இப்போதே ஏ.ஐ. எழுதித் தருகிறது. எது சேஃப் என்று சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவு உறுதியானது அல்ல.

காசு கணக்கு

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பிஎச்.டி.க்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கை நேர்மையாகப் பார்ப்போம்.

எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்து வருடம். முடிக்கும்போது வயது 28 ஆகிவிடும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. இது பிச்சைக்காசு அல்ல, பலர் நினைப்பது போல அப்பா பணத்தில் படிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இந்த உதவித்தொகை இல்லாமல், சிறிய கல்லூரியில் கைக்காசைப் போட்டு பிஎச்.டி. செய்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு வாழ்க்கை.

முடித்த பிறகு? அரசுக் கல்லூரி வேலை கிடைத்தால் நல்ல சம்பளம், ஆனால் ஆள் எடுக்கும் அறிவிப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். தனியார் கல்லூரியில் உடனே கிடைக்கும், ஆனால் என் பிசிக்ஸ் சாரின் கதை ஆகலாம். வெளிநாடு போனால் பெரும்பாலோர் திரும்புவதில்லை. புதிதாக வரும் சிப் ஆலைகளுக்கு மெட்டீரியல் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள். அவர்களை அதிகச் சம்பளம் கொடுத்து ஆலை இழுத்துக்கொண்டால் கல்லூரியில் மிஞ்சுவது யார்? ஆசிரியரை இழந்த ஊரில் அடுத்த செட் மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்தப் பகுதிக்குப் பொருந்தும் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கல்லூரிகள் ஒரு துறையில் ஒரு ஆசிரியருக்காவது வாரத்தில் ஒரு முழு நாளை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். அந்த நாளில் அவர் பெங்களூர் பஸ் ஏறட்டும். 2008-ல் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் ஐ.என்.யு.பி. என்ற திட்டம் தொடங்கியது. மற்ற கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் அங்குள்ள நானோஎலக்ட்ரானிக்ஸ் லேபுகளில் பயிற்சி எடுக்கவும் தங்கள் பரிசோதனையைச் செய்யவும் அது வழி திறந்தது. பின்னர் சென்னை ஐ.ஐ.டி. போன்றவையும் இதில் சேர்ந்தன. நாட்டின் மூலைகளிலிருந்து ரயில் ஏறி அந்த லேபுகளுக்கு வருகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர் என்ற தூரத்தில் இருக்கும் நம் கல்லூரிகளிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்கள் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு. உங்கள் குவாலிட்டி லேபில் புதிது வாங்கியதும் மூலையில் போடும் மைக்ரோஸ்கோப்பும் ஃபர்னஸும் ஒரு கல்லூரிக்குப் பொக்கிஷம். காயலான் கடைக்குப் போடும் முன் பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு போன் செய்யுங்கள்.

மூன்றாவது, என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்களுக்கு. சொந்தக்காரர்கள் நம்மைக் கேட்டுத்தான் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்கிறார்கள். நமக்குத் தெரியாத துறையைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று சொல்வோம். தெரிந்தவரிடம் அழைத்துப் போவோம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அந்தப் பிள்ளைக்குக் கொடுப்போம்.

போன வாரம் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "நான் அன்னைக்கு யோசிக்காம சொல்லிட்டேன் சித்தப்பா. எம்.எஸ்சி. சேர்த்துவிடுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள அவ ஜே.ஆர்.எஃப். வாங்கட்டும். வாங்கலைன்னா அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். அதுவரைக்கும் கோர்ஸ் ஃபீஸ்ல பாதி என் பொறுப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "எல்லாம் முடிச்சு வாத்தியார் வேலைதானேப்பா?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா. வாத்தியார் வேலைதான்" என்றேன்.

"சரி, அவகிட்ட பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்ளிகேஷன் போட இன்னும் நாள் இருக்கிறது. என்ன முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியாது. சார்ஜர் மட்டும் இப்போது தங்கையிடம்தான் இருக்கிறது, பிரித்துப் பார்க்கப் போகிறாளாம்.